அந்தப் படத்துக்கு இனி யார் போஸ்டர் ஒட்டுவார்?

பிடித்த படங்களுக்குப் போஸ்டர் வரைந்து, அதை அசையவும் வைக்கும் இளம் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் கைவேலையை மட்டும் தினமும் பார்க்கிறேன். பகலெல்லாம் கல்லூரி, அலுவலகம் என்று ஓடிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், யாரும் பணம் தராமல், மனதுக்குப் பிடித்த ஒரு படத்துக்குப் போஸ்டர் வரைகிறீர்கள். வரைந்ததோடு விடாமல் லேயர் லேயராகப் பிரித்து அசையவும் வைக்கிறீர்கள். ஐந்தாறு விநாடி ஓடும் அந்தத் துண்டுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே வேலையைச் செய்கிறவன். அதனால்தான் இதை உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. உங்கள் மேல் உள்ள அக்கறையால் வந்த குறை. உங்கள் போஸ்டர்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஆகிவருகின்றன. கதாநாயகனின் முகம் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த முகத்துக்குள்ளேயே கதையின் சில காட்சிகள் மங்கலாகத் தெரியும். சுற்றிலும் தீப்பொறி பறக்கும். கேமரா மெல்ல உள்ளே போகும், தலைமுடி ஆடும், கடைசியில் ஒரு மின்னல் வெட்டி எழுத்து வரும். கிராமத்துக் கதையானாலும் கேங்ஸ்டர் கதையானாலும் தாயில்லாக் குழந்தைகளின் கதையானாலும் அதே பொறி, அதே மின்னல். தலைப்பை விரலால் மறைத்தால் எந்தப் படம் என்று சொல்ல முடியவில்லை. நடிகர் யார் என்று மட்டும் சொல்ல முடிகிறது. வரைந்தவர் யார் என்பது எங்கேயும் தெரியவில்லை.

இது திறமைக் குறைவு இல்லை. உங்கள் வயதில் நான் மூன்று நாள் எடுத்துக்கொண்ட வேலையை நீங்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறீர்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. படம் பார்த்த கையோடு ஸ்டில் தேடப் போய்விடுகிறீர்கள். படத்துக்கும் ஸ்டில்லுக்கும் நடுவே உங்களுக்குள் ஏதோ நடந்திருக்குமே, அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறீர்கள். நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ 1979-ல் வெளியானது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த கதை. அந்தப் படத்தின்மேல் எனக்குத் தீராத பற்று. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு போஸ்டர் வரைந்தேன். விஜயன் ஏற்ற சுந்தரவடிவேலுவின் முகத்தைப் பெரிதாக வைத்தேன். அந்தக் கண்ணின் குரூரத்தைக் கொண்டுவர ஒரு வாரம் பாடுபட்டேன். பின்னால் ஆறு, கரையில் ஊர்மக்கள், மேலே மேகம் என்று பதினேழு லேயர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஏற்றி ஒவ்வொன்றையும் அசைத்தேன். மேகம் நகர்ந்தது, தண்ணீர் மினுங்கியது, பறவைகள் பறந்தன, புழுதி எழுந்தது, முகத்தின்மேல் வெயில் ஊர்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

என் அக்காவிடம் காட்டினேன். படம் வந்த புதிதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். “நல்லா இருக்குடா” என்றாள். போனைத் திருப்பித் தரும்போது, “ஆமா, பிள்ளைங்க எங்க?” என்று கேட்டாள்.

அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஊரே திரண்டு நிற்க, அந்த மனிதன் ஆற்றுக்குள் இறங்கிப் போகிறான். தாயை முன்பே பறிகொடுத்த அவனுடைய இரண்டு குழந்தைகள் கரையில் மிஞ்சுகிறார்கள். அத்தனை ஆண்டுகளாக அக்கா மனதில் வைத்திருந்தது அந்தக் குழந்தைகளைத்தான். நானும் அப்படித்தான். முதல்முறை பார்த்த இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தவர்கள் அவர்கள். ஆனால் வரைய உட்கார்ந்ததும் அவர்களை மறந்துவிட்டு, போஸ்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஊர் பழக்கிவைத்ததை வரைந்திருந்தேன். பதினேழு லேயரில் என் லேயர் ஒன்றுகூட இல்லை.

பிறகு படத்தை நடுவில் நிறுத்தாமல் ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். மடிக்கணினியை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். ஸ்டில் எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தீப்பெட்டி அளவில் கட்டம் போட்டு, நினைவில் இருந்ததை மட்டும் வரைந்தேன். முதல் பத்துக் கட்டங்களில் எல்லாரும் வரைவதே வந்தது. பதினைந்தைத் தாண்டிய பிறகுதான் எனக்கே தெரியாமல் எனக்குள் தங்கியிருந்தவை வெளியே வரத் தொடங்கின. இருபத்து மூன்றாவது கட்டத்தில் முக்கால் பாகம் வெறும் தண்ணீர். கீழே மணல்விளிம்பில் முதுகு காட்டி நிற்கும் இரண்டு சின்ன உருவங்கள். தண்ணீரின் நடுவில் ஒரு வளையம். அவ்வளவுதான். தகப்பன் படத்தில் இல்லை. அவன் போன இடம் மட்டும் இருக்கிறது.

எதை அசைப்பது என்று தனியாக யோசிக்க வேண்டியே வரவில்லை. அந்த வளையம் விரிய வேண்டும், விரிந்து அடங்க வேண்டும். வளையத்தை மென்பொருளிடம் விடாமல் கையால் 24 படங்களாக வரைந்தேன். ஒவ்வொன்றும் 4 பிரேம் நிற்கும். விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் மொத்தம் 96 பிரேம், சரியாக 4 விநாடி. அதற்குப் பிறகு 36 பிரேமுக்கு எதுவும் அசையாது. தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். குழந்தைகள் அப்படியே நிற்பார்கள். பிறகு மறுபடி நடுவில் ஒரு புள்ளி. முதலில் சின்னவளின் பாவாடை ஓரத்தையும் காற்றில் கொஞ்சம் ஆடவிட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாவாடை ஆடியதும் கண் அங்கே போனது. தண்ணீர் அடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எடுத்துவிட்டேன். பூ உதிர்வதுபோல் தலைப்பு எழுத்தை உதிரவிடலாம் என்றும் ஆசை வந்தது. உதிர்ந்த பூக்கள் கரையில் நிற்கும்போது எழுத்து எதற்கு உதிர வேண்டும்? அதையும் விட்டேன். எதுவும் நடக்காத அந்த ஒன்றரை விநாடிதான் என் போஸ்டர். மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு நிற்பவை.

தம்பி தங்கைகளே, மனிதக் கண் அசைவைத் தேடி ஓடும். அது உடம்பின் இயல்பு. பத்து இடத்தில் அசைவு வைத்தால் கண் பத்து இடத்துக்கும் ஓடி எங்கேயும் தங்காமல் திரும்பிவிடும். ஒரே இடத்தில் வைத்தால் அங்கே போய் உட்காரும். மென்பொருளில் எதை வேண்டுமானாலும் ஆட்டலாம் என்பதால் எல்லாவற்றையும் ஆட்டிவிடுகிறோம். ஓர் இலையை ஆட்டுவதற்கு முன், அந்த இலை ஆடாவிட்டால் படம் எதை இழக்கும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் இழக்காது என்றால் இலை சும்மா இருக்கட்டும்.

அசைவு கடைசியில் தூவும் கொத்தமல்லி அல்ல. ஓவியத்தின் யோசனைக்குள்ளேயே அது இருக்க வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் 1959-ல் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ படத்துக்குச் செய்ததைத் தேடிப் பாருங்கள். கறுப்புக் காகிதத்தில் வெட்டிய ஒரு மனித உடல், துண்டு துண்டாகக் கிடக்கிறது. போஸ்டர் அதுதான். படத்தின் தொடக்க எழுத்துகள் ஓடும்போது அதே துண்டுகள்தான் டியூக் எல்லிங்டனின் இசைக்கு ஒவ்வொன்றாக வந்து போகின்றன. ஒரு சாவைக் கூறுபோட்டு ஆராயும் நீதிமன்றக் கதை அது. கூறுபோட்ட உருவத்தை வரைந்த அன்றே அது எப்படி அசையும் என்பதும் முடிவாகிவிட்டது. தீப்பொறிக்கு அங்கே வேலையே இல்லை.

முகம் இல்லாமல் போஸ்டர் நிற்குமா என்று கேட்பீர்கள். ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வுக்கு 1958-ல் அதே சால் பாஸ் ஒரு சுழலையும் அதற்குள் விழும் சின்ன உருவங்களையும் வரைந்தார். 1963-ல் போலந்தில் அதே படத்துக்கு ரோமான் செஷ்லேவிச் வரைந்தது ஒரு மண்டையோட்டையும் அதன்மேல் வளையங்களையும். அதன் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எவ்வளவு பெரிய நட்சத்திரம்! ஆனால் அந்தப் போலந்துத் தாளில் அவர் முகத்தைத் தேடினாலும் கிடைக்காது. அன்று அங்கே திரைப்பட விநியோகம் அரசின் கையில் இருந்தது. நட்சத்திர முகத்தை விற்றாக வேண்டிய கட்டாயம் ஓவியருக்கு இல்லை. அதனால் தான் கண்டதை வரைந்தார். இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்தார்கள், இரண்டு வேறு பயங்களைக் கண்டார்கள்.

இப்போது உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லையே! தயாரிப்பாளர் உங்கள் தலைமேல் நிற்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது என்று எந்த நடிகரின் மேலாளரும் போன் செய்யப்போவதில்லை. தொழில்முறைப் போஸ்டர் ஓவியருக்குக் கனவிலும் கிடைக்காத சுதந்திரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்தத் தொழில்முறைப் போஸ்டரையே ஏன் திரும்ப வரைகிறீர்கள்?

நம் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கோபுலு படம் வரைந்தார். அந்தச் சண்முகசுந்தரத்துக்குச் சிவாஜியின் முகம் இல்லை. அந்த மோகனாவுக்குப் பத்மினியின் முகம் இல்லை. 1968-ல் படம் வருவதற்கு முன்பே வாசகர்கள் அந்த இருவரையும் நிற்கும் நிலையிலும் கழுத்தின் சாய்விலும் அடையாளம் கண்டு நேசித்தார்கள். கதாபாத்திரத்தை நடிகரின் முகத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு ஒருகாலத்தில் இருந்தது. பத்திரிகைத் தாளில் அசையாமல் கிடக்கும் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளைப் பாருங்கள். அவற்றில் ஓடும் வேகத்தை எந்த மென்பொருளும் கொடுக்கவில்லை. கோடு நிற்கும்போதே உயிரோடு இருந்தால்தான் அசையும்போதும் உயிரோடு இருக்கும்.

சிறுவனாக ஒரு பேனர் ஓவியரிடம் சில மாதங்கள் எடுபிடியாக இருந்தேன். காடாத் துணியை இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளையும் பூசிக் காயவைப்போம். சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக இழுப்போம். உடுப்பையும் பின்புலத்தையும் உதவியாளர்கள் நிரப்புவார்கள். எழுத்துக்கு ஒருவர் தனியாக வருவார். முகத்தை மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். கன்னத்தில் இளஞ்சிவப்பு, தாடைக்குக் கீழே பச்சை, நெற்றி ஓரத்தில் நீலம். கிட்டே நின்று பார்த்தால் அப்பியதுபோல் இருக்கும். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்தால் அந்த முகம் மூச்சு விடும். “ஓடுற பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணும். அவனுக்கு நாலு செகண்டுதான் இருக்கு” என்பார்.

அன்று போஸ்டர் நின்றது, பார்ப்பவர் நகர்ந்தார். இன்று பார்ப்பவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறார், போஸ்டர்தான் அவர் கட்டைவிரலுக்குக் கீழே நகர்ந்து போகிறது. அந்த நாலு செகண்ட் மட்டும் மாறவில்லை. ஆகவே வரைந்ததைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இளையராஜாவின் இசையைப் பின்னால் ஒட்டியதும் நம் படத்துக்கு வந்துவிடும் கண்ணீர் அவருடையது. இசை இல்லாமலும் நெஞ்சு கொஞ்சம் கனத்தால்தான் அது உங்களுடையது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு பகலாக ஓவியத்தைக் கையால் வரைந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஏதோ ஓர் எழுத்துருவை இறக்கித் தலைப்பைத் தட்டிவிடுகிறீர்கள். சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். தம் படங்களின் போஸ்டர்களை வரைந்தபோது தலைப்பு எழுத்தையும் தாமே வரைந்தார், அது அந்தக் கதைக்கென்றே பிறந்த எழுத்தாக இருந்தது. நம் ‘ழ’வின் சுழியும் ‘ணு’வின் வளைவும் வரைவதற்கு எவ்வளவு இடம் தருகின்றன! ‘உதிரிப்பூக்கள்’ என்று தூரிகையில் எழுதும்போது ‘ரி’யின் மேல்விலங்கு எங்கே முடிய வேண்டும் என்று ஒரு முழு மாலை தேடினேன். அது குழந்தைகள் பார்க்கும் திசையில் முடிந்ததும்தான் மனம் ஒப்பியது.

என் பேனர் மாஸ்டரின் பெயரை உங்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். படம் தூக்கப்பட்டதும் அந்தத் துணியில் வெள்ளையடித்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகமாக ஒரே துணியில் எத்தனை ஆண்டு உழைப்பு புதைந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எம். எஃப். ஹுசைனும் பம்பாயில் சினிமாப் பேனர் வரைந்தவர்தான். அவர் பெயர் நின்றது, கூட வரைந்தவர்களின் பெயர்கள் போய்விட்டன. டிஜிட்டல் ஃபிளெக்ஸ் வந்ததும் எங்கள் பட்டறை சில மாதங்களில் மூடிவிட்டது. மாஸ்டர் கடைசிக் காலத்தில் கடைப் பலகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகம் வரைந்த ஒரு பேனர்கூட இன்று இல்லை.

அதனால்தான் உங்கள் பெயரைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். எனக்கே நடந்தது ஒன்று உண்டு. நான் வரைந்த ஒரு போஸ்டரை ஒரு ரசிகர் பக்கத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே இருந்த என் கையெழுத்தைச் சரியாக அந்த அளவுக்கு வெட்டியிருந்தார்கள். சில மாதம் கழித்து அந்தப் படம் மறுவெளியீடு ஆனபோது, ஒரு திரையரங்கின் வாசலில் அதே ஓவியம் பத்தடி ஃபிளெக்ஸாக நின்றது. என் பெயர் இருந்த மூலையில் ஒரு கடையின் விளம்பரம். கேட்டபோது, “ரசிகரு போட்டது தானே சார், சந்தோசப்படுங்க” என்றார்கள். சந்தோசம் ஒருபக்கம் இருக்கட்டும். ரசிகர் என்றால் பெயர் இல்லாதவர் என்று பொருளா?

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, ‘இதைப் படைத்தவர் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அது. ஆனால் இதில் உங்கள் பங்கும் உண்டு. வேறொருவர் எடுத்த ஸ்டில்லின்மேல் கோடு இழுத்து, வேறொருவர் விற்கும் டெம்ப்ளேட்டில் அதை ஏற்றி வைத்தால், ‘இது என்னுடையது’ என்று எந்தத் தைரியத்தில் சொல்வீர்கள்? நினைவிலிருந்து நீங்களே கண்டெடுத்து வரைந்த ஒன்றின் கீழே கையெழுத்துப் போடும்போது கை நடுங்காது. கையெழுத்தை ஓரத்தில் ஒதுக்காதீர்கள். வெட்டினால் ஓவியமும் வெட்டுப்படும் இடத்தில் வையுங்கள். என் ஆற்றில் என் பெயர் மணலில், குழந்தைகளின் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2025 மார்ச்சில் ஊரெல்லாம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தங்கள் புகைப்படங்களை ஜிப்லி பாணி ஓவியங்களாக மாற்றிக்கொண்டிருந்தபோது, உங்களில் சிலர் மனம் உடைந்து எழுதியதைப் படித்தேன். ஒரு வரி தட்டினால் ஒரு நிமிடத்தில் போஸ்டர் வந்துவிடுகிறது, இனி நாங்கள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன். முகமும் தீப்பொறியும் மின்னலும்தான் நம் வேலை என்றால், அந்த வேலை போய்விட்டது. அதை இயந்திரம் நம்மைவிடச் சுத்தமாகச் செய்யும். ஆனால் எந்த இயந்திரமும் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் பேசாமல் வந்ததில்லை. ‘பிள்ளைங்க எங்க?’ என்று அதற்குக் கேட்கத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றும். அந்த இடத்திலிருந்து வரையுங்கள். அங்கே உங்களுக்குப் போட்டி கிடையாது.

ஒரு பயிலரங்கில் ஒரு தம்பி எழுந்து, “முகம் இல்லைன்னா லைக் வராதுண்ணே” என்றார். அவர் சொன்னது உண்மை. என் முதல் போஸ்டருக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவதற்கு வரவில்லை. ஆனால் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதினார்: “இது என்ன படம் சார்? அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆச்சு?” பெயரைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, “பார்த்துட்டேன்” என்று ஒரே ஒரு சொல் வந்தது. போஸ்டர் என்று ஒன்று பிறந்ததே இதற்குத்தானே? சுவரில் ஒட்டினாலும் திரையில் ஓடவிட்டாலும், பார்க்காத ஒருவரைப் படத்தின் வாசல்வரை அழைத்து வருவதுதானே அதன் வேலை?

நான் கேட்க வந்ததும் இதையொட்டித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரும் பெரிய படத்துக்குப் போஸ்டர் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கோடிக்கணக்கில் விளம்பரச் செலவும் இருக்கிறது. ‘உதிரிப்பூக்களு’க்கு யார் இருக்கிறார்கள்? அன்று அச்சான அதன் தாள்களை மழையும் மாடுகளும் என்றோ கொண்டுபோய்விட்டன. மகேந்திரன் 2019-ல் மறைந்தார். ‘முள்ளும் மலரும்’ படத்தில் மலைச்சரிவில் ஏறி இறங்கும் அந்த விஞ்ச், ‘மூன்றாம் பிறை’யின் கடைசியில் அந்த மலை ரயில் நிலையம், ‘வீடு’ படத்தில் பாதியில் நின்றுபோன அந்தச் சுவர்கள்: இவற்றுக்கெல்லாம் இனி எந்தத் தயாரிப்பாளரும் பசை வாளியோடு வந்து சுவரொட்டி ஒட்டப் போவதில்லை. இந்தப் படங்களுக்கு இனிமேல் கிடைக்கக்கூடிய புதுப் போஸ்டர் நீங்கள் வரைவது மட்டும்தான்.

ஆகவே ஒரே ஒரு போஸ்டர் கேட்கிறேன். உங்கள் அம்மாவோ தாத்தாவோ பார்த்துவிட்டு இன்னும் மறக்காத ஒரு பழைய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது மனதில் நிற்கிறது என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள், பிறகு நீங்கள் பாருங்கள். சென்னையில் இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருநாள் போய், பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் அட்டைகளைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன்பின் ஒரு வாரம் கணினியைத் திறக்காதீர்கள். தீப்பெட்டி அளவில் முப்பது கட்டங்கள் வரையுங்கள். நடிகரின் முகம் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்றே ஒன்று அசையட்டும், மற்றவை நிற்கட்டும். தலைப்பை உங்கள் கையால் எழுதுங்கள். இயக்குநர் பெயரும், ஒளிப்பதிவாளர் பெயரும், வெளியான ஆண்டும் இருக்கட்டும். வரைந்தவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

முடித்ததும் முதலில் ஊருக்குக் காட்டாதீர்கள். அந்தப் படத்தை அன்றே பார்த்த ஒருவரிடம் காட்டுங்கள். என் இரண்டாவது போஸ்டரை அக்காவிடம் காட்டினேன். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. வளையம் மூன்று முறை விரிந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்படி ஒருவரைப் பார்க்க வைக்கும் ஒரு போஸ்டரை இந்த ஆண்டு முடிவதற்குள் வரைந்துவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்தத் தொழிலுக்கு வந்த ஓர் அண்ணன்